பிட்லாக்கர்: ஆஸ்பத்திரி லேப்டாப்புக்கு இது போதுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். விண்டோஸ் ப்ரோவோடு வரும் பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் வசதி, நல்ல சாமான். தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர் என்று நோயாளிகளின் விவரம் புழங்கும் எந்த இடத்திலும், வாசலைத் தாண்டி வெளியே போகிற ஒவ்வொரு லேப்டாப்பிலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் அந்த நான்கு, ஒழுங்காக உட்கார்ந்து அமைத்தவர்களுக்கு மட்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டுவிட்டு "நம்ம லேப்டாப் எல்லாம் என்கிரிப்ட் ஆயிருக்கு சார்" என்று நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டுகூட அதிகம்.

நான் நடுத்தர அளவு மருத்துவமனைகளுக்கும் சில லேப்களுக்கும் சிஸ்டம் பார்த்துக்கொடுக்கிற ஆள். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் இதற்கென்று தனி டீம் இருக்கும், அவர்களுக்கு இந்த விமர்சனம் தேவைப்படாது. ஒரே ஒரு ஐடி ஆள், அவரே பிரிண்டரும் பார்ப்பார், சிசிடிவியும் பார்ப்பார், பில்லிங் மென்பொருள் நின்றால் அவருக்குத்தான் போன் வரும் என்கிற மாதிரி இடங்களுக்காக எழுதுகிறேன்.

"எங்கள் டேட்டா எல்லாம் சர்வரில்தானே இருக்கிறது, லேப்டாப்பில் என்ன இருக்கப்போகிறது" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை இன்சூரன்ஸ் டெஸ்க் லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக வாங்கிய குடும்ப அட்டை நகல், வருமானச் சான்று, கேன்சல் செய்த காசோலையின் போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, அதே டிஸ்சார்ஜ் சம்மரி இன்னொரு முறை, 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரில் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைகள். அந்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் முடிவும் இருக்கும். எச்.ஐ.வி. விவரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே 2017இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் அந்த பிடிஎஃப் பெயரும் வயதும் ஊரும் போட்டு, யார் திறந்தாலும் திறக்கிற மாதிரி அங்கே கிடக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்த்துவைத்ததல்ல. காப்பீட்டு நிறுவனத்தின் போர்ட்டலில் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் இறக்கித்தான் ஆக வேண்டும், ஏற்றி முடித்ததும் அழிக்க யாருக்கும் நேரமில்லை. எக்கோ பார்க்கும் டாக்டரின் லேப்டாப், முகாமுக்குப் போகிற லேப்டாப், வீட்டிலிருந்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டின் லேப்டாப் எல்லாவற்றிலும் இதே கதைதான், கோப்பின் வகை மட்டும் மாறும்.

இந்த லேப்டாப் பஸ்ஸிலோ ரயிலிலோ தொலைந்தால் என்ன ஆகும்? விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். டிரைவ் என்கிரிப்ட் ஆகவில்லை என்றால் அந்தப் பாஸ்வேர்டால் பெரிய பிரயோஜனம் இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவில் பூட் செய்தாலோ, எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லாக் கோப்பும் வரும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விற்கும் கடைப் பையனுக்கே இது தெரியும். பிட்லாக்கர் தடுப்பது இதைத்தான். டிரைவ் முழுவதையும் ஏ.இ.எஸ். என்ற என்கிரிப்ஷன் முறையில் பூட்டிவிட்டு, சாவியை மதர்போர்டில் இருக்கும், சாவிகளைக் காப்பதற்கென்றே உள்ள டிபிஎம் சிப்பிடம் ஒப்படைத்துவிடும். டிரைவை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து. இந்த ஒரு வேலையை அது உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது, 2007இல் விஸ்டாவோடு வந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறது.

இனி சிக்கல்கள். முதல் சிக்கல் வாங்கும் இடத்திலேயே இருக்கிறது. கொட்டேஷனில் விண்டோஸ் 11 என்று மட்டும் போட்டிருப்பார்கள், வந்து இறங்குவது ஹோம் பதிப்பாக இருக்கும். ஹோமில் முழு பிட்லாக்கர் கிடையாது, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒரு சுருக்கமான வடிவம் உண்டு. பூட்டும் முறை அதேதான், ஆனால் நமக்கு வேண்டிய திருகுகள் எதுவும் அதில் இல்லை. பின் நம்பர் வைக்க முடியாது, பாலிசி, அதாவது கட்டுப்பாட்டு விதி, போட முடியாது. அப்புறம், அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால்தான் முழுமையாக வேலை செய்யும், ரிக்கவரி கீயை (வழக்கமான வழியில் பூட்டு திறக்காதபோது அடிக்க வேண்டிய மாற்றுச் சாவி) அந்தக் கணக்கிலேயே போட்டுவைக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், சின்ன ஆஸ்பத்திரியில் புது லேப்டாப்பை முதலில் ஆன் செய்து கணக்கு போட்டது யார்? கடையிலிருந்து வந்த பையனாக இருக்கலாம், அப்போது ரிசப்ஷனில் இருந்து பிறகு கல்யாணமாகி ஊர் மாறிப்போன பெண்ணாக இருக்கலாம். சாவி அவர்கள் கணக்கில் இருக்கிறது. அவர்களுக்கே அது தெரியாது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இந்த டிவைஸ் என்கிரிப்ஷன் முன்பைவிட அதிக லேப்டாப்களில் தானாகவே ஆன் ஆகிறது, அதனால் இந்தத் தலைவலி கூடும், குறையாது. ப்ரோ வாங்குங்கள். கொட்டேஷனிலேயே 'ப்ரோ' என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதே இல்லை. எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ் படத்தின் மேல் சின்ன மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. இப்படி இருந்தால் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, ஆனால் சாவி பூட்டிலேயே தொங்குகிறது என்று அர்த்தம். பல லேப்டாப்கள் கம்பெனியிலிருந்தே டிரைவை என்கிரிப்ட் செய்து அனுப்பப்படுகின்றன. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் லோக்கல் கணக்கு போட்டுக்கொண்டால் பாதுகாப்பு முழுமையாக ஆன் ஆகாது, சாவி வெளிப்படையாக டிரைவிலேயே எழுதியிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து மேனேஜ்-பிடிஈ கட்டளையை ஸ்டேட்டஸ் என்று சேர்த்து (manage-bde -status) அடித்துப் பாருங்கள். கன்வெர்ஷன் ஸ்டேட்டஸ் என்ற வரியில் என்கிரிப்டட் என்று வரும், சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், கீழே புரொடெக்ஷன் ஸ்டேட்டஸ் வரியையும் கடைசியில் கீ புரொடெக்டர்ஸ் வரியையும் பாருங்கள். புரொடெக்ஷன் ஆஃப், புரொடெக்டர்ஸ் எதுவும் இல்லை என்று வந்தால் உங்கள் லேப்டாப் பூட்டப்படவில்லை. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மேல் வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாமாவது முழுதாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இதுதான் எனக்குப் பெரிய குறை. சாதாரணமாக ஆன் செய்தால் பிட்லாக்கர் டிபிஎம்மை மட்டும் நம்பி ஓடும். பவர் பட்டனை அமுக்கியதும் சிப் தானாகச் சாவியைக் கொடுத்துவிடும், விண்டோஸ் நேராக லாகின் திரைக்கு வந்து நிற்கும். திருடியவன் கையிலும் அப்படித்தான் வந்து நிற்கும். அதற்குப் பிறகு உங்களுக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும்தான். அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று வார்டில் போய்க் கேட்டால் மூன்று ஷிஃப்டிலும் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆஸ்பத்திரி பெயர், அதற்குப் பின்னால் 123. ஏ.இ.எஸ். பூட்டு எவ்வளவு பலமாக இருந்து என்ன, ஆஸ்பத்திரி பெயர் லேப்டாப் மூடியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது.

தொழில்நுட்பம் தெரிந்தவன் கையில் கிடைத்தால் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ்மாஷிங் என்ற பெயரில் யூடியூப் நடத்தும் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், பழைய லெனோவோ திங்க்பேட் ஒன்றில் டிபிஎம் சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவே போகும் சிக்னலை ஒட்டுக்கேட்டு, 43 வினாடியில் பிட்லாக்கர் சாவியை எடுத்துக் காட்டினார். பயன்படுத்தியது ராஸ்பெரி பை பிகோ, மொத்தச் செலவு பத்து டாலருக்கும் குறைவு. டிபிஎம் பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் லேப்டாப்களில் இந்த ஒட்டுக்கேட்கும் வேலை நடக்காது, இன்றைக்கு விற்பவற்றில் பல அப்படித்தான் வருகின்றன. இருந்தாலும் ஆஸ்பத்திரிகளில் ஓடுவதெல்லாம் இன்றைக்கு வாங்கியதா என்ன?

இதற்கு மருந்து பிட்லாக்கரிலேயே இருக்கிறது, பின் நம்பர். குரூப் பாலிசி எடிட்டரில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய், ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் என்பதற்குக் கீழே, ஸ்டார்ட்அப்பில் கூடுதல் அங்கீகாரம் வேண்டும் என்கிற பாலிசியை ஆன் செய்ய வேண்டும், அதன் பிறகே பின் வைக்கும் வசதி தலைகாட்டும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஒரு நீலத் திரையில் பின் கேட்கும், சரியாக அடித்தால்தான் டிபிஎம் சாவியை விடும், தவறாக அடித்துக்கொண்டே இருந்தால் சிப்பே கதவைச் சாத்திவிடும். மைக்ரோசாஃப்ட் இதை ஏன் இவ்வளவு ஆழத்தில் புதைத்துவைத்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாதாரண செட்டிங்ஸ் திரையில் ஒரு பட்டனாக இருந்திருக்க வேண்டிய விஷயம். போதாததற்கு, விண்டோஸ் லாகினுக்கும் 'பின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "எந்த பின் கேக்குது தம்பி, காலையில போடுறதா, அப்புறம் போடுறதா?" என்று இரவு டூட்டி சிஸ்டர் போன் செய்து கேட்டால் அவர் மேல் என்ன தப்பு?

பின் நம்பர் எல்லா லேப்டாப்புக்கும் சரிவராது. ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு பின்தான், ஆளுக்கொன்று வைக்க முடியாது. நான்கு பேர் மாறி மாறி உட்காரும் வார்டு லேப்டாப்பில் பின் வைத்தால் அது மறுநாளே கீபோர்டுக்குக் கீழே பேப்பரில் ஒட்டப்பட்டிருக்கும். வார்டை விட்டு நகராத மெஷினுக்கு டிபிஎம் மட்டும், ஆளாளுக்குத் தனி லாகின், மேசையோடு சேர்த்துக் கேபிள் பூட்டு, இது போதும். முகாமுக்குப் போகிறது, டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகிறது, வீட்டுக்கே போய் மருத்துவம் பார்க்கும் நர்ஸ் தூக்கிக்கொண்டு அலைகிறது, இவற்றுக்கெல்லாம் பின் நம்பர் கட்டாயம். அந்த லேப்டாப்களில் மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்குப் போகாமல் ஹைபர்னேட்டுக்கு (மெமரியில் இருப்பதை டிரைவில் எழுதிவிட்டு முழுதாக அணைகிற நிலை) போகும்படி மாற்றிவிடுங்கள். ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும், பின் வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். டாக்டர்கள் முணுமுணுப்பார்கள், திறக்கக் கொஞ்சம் நேரமாகிறது என்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இனி ரிக்கவரி கீ. பிட்லாக்கரைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் இதைத்தான் திட்டுகிறார்கள். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். மதர்போர்டு மாற்றினால் கேட்கும், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டால் கேட்கலாம், அதிலுள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொட்டால் கேட்கலாம், சில நேரம் மைக்ரோசாஃப்டின் சொந்த அப்டேட்டே கேட்க வைத்துவிடும். 2024 ஜூலையில் அப்படி ஒரு அப்டேட் வந்தது, ஒன்றும் செய்யாத கம்ப்யூட்டர்கள் ரிக்கவரி திரையில் போய் நின்றன, ஆகஸ்டில்தான் சரிசெய்தார்கள். 2025 மே மாதம் விண்டோஸ் 10இல் இன்னொன்று, அதற்கு அவசரமாகத் தனி அப்டேட் விட்டார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் வந்த குளறுபடி இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன, மருத்துவமனைகளும் அதில் மாட்டின, கோளாறு பிட்லாக்கருடையது அல்ல. ஆனால் சேஃப் மோடில் போய் கோளாறான அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால் பிட்லாக்கர் போட்ட மெஷினில் முதலில் 48 இலக்கத்தை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும். கையால்.

நான் பார்த்துக்கொடுக்கும் லேப் ஒன்றில் மாதிரி சேகரிக்கப் போகும் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்திருந்தார்கள். மதர்போர்டு மாற்றி வந்தது, கேஷியர் அக்கா ஆன் செய்தார், ரிக்கவரி திரை. முந்தைய ஐடி ஆள் கீயை பத்திரமாகத்தான் சேமித்திருக்கிறார், ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். அந்த டெக்ஸ்ட் ஃபைலின் பிரதி இருந்த ஒரே இடம் அதே லேப்டாப்பின் டி டிரைவ். டி டிரைவும் பூட்டியிருக்கிறது. விண்டோஸ் இந்தத் தவறைத் தடுக்கப் பார்க்கும், பூட்டுகிற டிரைவிலேயே கீயைச் சேமிக்க விடாது, ஆனால் பென் டிரைவில் சேமித்துவிட்டுப் பிறகு காப்பி செய்துகொண்டால் அதனால் என்ன செய்ய முடியும்? கீ இல்லை என்றால் டேட்டா இல்லை, மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டில் பேசினாலும் புதிதாக ஒரு சாவி உருவாக்கித் தர முடியாது. நல்லவேளை, முடிவுகள் எல்லாம் லேப் மென்பொருளில் ஏறியிருந்தன. ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டோம்.

அதனால் என் வழக்கம் இது. கீயைப் பிரிண்ட் எடுத்து, லேப்டாப்பின் சீரியல் நம்பரும், ரிக்கவரி திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் மேலே எழுதி, ஒரு பிரதி நிர்வாக அலுவலரின் பீரோவில், இன்னொன்று வேறு கட்டடத்தில். கீ ஐடி எழுதாமல் விட்டால், இருபது தாளில் எது எந்த மெஷினுடையது என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் எல்லாக் கணக்குகளையும் மெஷின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியோ, மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் மாதிரி என்ட்ரா, இன்ட்யூன் சேர்ந்த சந்தாவோ இருந்தால் கீ தானாகவே அங்கே போய்ச் சேரும்படி செய்யலாம், அதுதான் சுத்தமான வழி. பயாஸ் அப்டேட்டுக்கும் சர்வீஸுக்கும் முன்னால் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு, அதாவது தற்காலிகமாக நிறுத்திவிட்டு, செய்யுங்கள். வெளியாளிடம் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மட்டும், வேலை முடிந்து வந்ததும் மறுபடி 'ரெஸ்யூம்' ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சஸ்பெண்ட் என்றால் அதே மஞ்சள் முக்கோணக் கதைதான்.

அந்தத் திரையில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். ஒவ்வொரு ஆறு இலக்கக் கூட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள், அதனால் ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் அந்தக் கூட்டத்திலேயே தவறு என்று காட்டிவிடும், 48ஐயும் அடித்து முடிக்கிற வரை காத்திருக்க வேண்டாம். போனில் வாசித்துச் சொல்கிறவருக்கும் எதிர்முனையில் அடிக்கிறவருக்கும் இது பெரிய உபகாரம்.

வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வேகமான எஸ்எஸ்டியில் சில சோதனைகளில் 45 சதவீதம் வரை குறைகிறது என்று 2023இல் டாம்ஸ் ஹார்ட்வேர் அளந்து காட்டியது. பில் போடுவதிலும் ரிப்போர்ட் அடிப்பதிலும் அதை உணரவே மாட்டீர்கள். பெரிய சிடி ஸ்கேன் கோப்புகளை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும் மெஷினில் லேசாகத் தெரியலாம். பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பில் முதல் முறை பூட்டுவதற்கு ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே வருஷக்கணக்காகப் பயன்படுத்திய மெஷின் என்றால் 'பயன்படுத்திய இடத்தை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முழு டிரைவ் என்று கொடுங்கள், அழித்த கோப்புகளின் மிச்சமும் உள்ளே இருக்கும். டிரைவ் தானே என்கிரிப்ட் செய்துகொள்ளும் என்று விற்கும் எஸ்எஸ்டிகளை நம்பி இதை விடாதீர்கள். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில சாம்சங், க்ரூஷியல் டிரைவ்களில் அந்தப் பூட்டு வெறும் பெயருக்குத்தான் என்று காட்டினார்கள். அதுவரை பிட்லாக்கரும் அந்த டிரைவ்களை நம்பிச் சும்மா இருந்தது. 2019இல்தான் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழக்கத்தை மாற்றியது.

பென் டிரைவைப் பூட்ட பிட்லாக்கர் டு கோ என்று ஒன்று உண்டு. லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு மட்டும் என்றால் அருமையாக வேலை செய்கிறது, ஹோம் பதிப்பிலும் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் பென் டிரைவ் எதற்கு? அல்ட்ராசவுண்ட் மெஷினிலிருந்து படம் எடுக்க. அந்த மெஷினில் பூட்டிய பென் டிரைவைச் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், யாராவது அவசரத்தில் ஆமாம் என்று அமுக்குவார்கள், முடிந்தது கதை. மேக் வைத்திருக்கும் டாக்டருக்கும் திறக்காது. பிட்லாக்கர் டு கோவைக் கட்டாயமாக்கிவிட்டு ஒரே வாரத்தில் திரும்பப் பெற்ற இடங்கள் எனக்குத் தெரியும். மெஷினிலிருந்து நேராக நெட்வொர்க்கில் பேக்ஸ் (PACS) சர்வருக்கு, அதாவது ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் சர்வருக்கு, அனுப்ப வழி செய்து பென் டிரைவையே ஒழிப்பதுதான் சரி, செலவு ஆகும்.

ப்ரோவுக்குக் காசில்லை, ஹோமை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் வெராக்ரிப்ட் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள். இலவசம், மூல நிரல் திறந்திருக்கிறது, 2014இல் திடீரென்று நின்றுபோன ட்ரூக்ரிப்ட்டின் வாரிசு. டிபிஎம்மை நம்பாது, ஆன் செய்யும்போதே பாஸ்வேர்டு கேட்கும், அந்த விதத்தில் இயல்பு நிலை பிட்லாக்கரைவிடக் கறார். தனி டாக்டருக்கு, தனி கிளினிக்குக்கு நல்லது. பத்து லேப்டாப் இருக்கும் இடத்தில் வேண்டாம், பாஸ்வேர்டுகளையும் ரெஸ்க்யூ டிஸ்க்குகளையும் நிர்வகிப்பதிலேயே ஐடி ஆள் கிழவராகிவிடுவார். மேக்புக் இருந்தால் அதோடு வரும் டிரைவ் பூட்டான ஃபைல்வால்ட்டை ஆன் செய்யுங்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது.

இவ்வளவு செய்த பிறகும் பிட்லாக்கர் எதைத் தடுக்காது என்று நிர்வாகத்துக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். லேப்டாப் ஆன் ஆகி லாகின் ஆகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ரிசப்ஷன் லேப்டாப்பில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப், அதில் நோயாளிகளுக்கு அனுப்பிய ரிப்போர்ட் வரிசை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் யாருக்கும் தெரிகிற கோணத்தில் திரை, இதற்கெல்லாம் அது ஒன்றும் செய்யாது. கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் ஒன்றும் செய்யாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் சர்வர்கள் முடங்கி, ஓபி சீட்டிலிருந்து எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுதினார்களே, அந்த மாதிரித் தாக்குதலுக்கு டிரைவ் பூட்டு சம்பந்தமே இல்லாத விஷயம். அதற்கு பேக்அப் வேண்டும், அட்மின் உரிமையை எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்காமல் இருக்க வேண்டும், 2025 அக்டோபர் 14 அன்றோடு இலவச சப்போர்ட் முடிந்த விண்டோஸ் 10ஐ அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைப்பதும், பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும் பிரைவசி ஃபில்டரை ரிசப்ஷன் திரையில் ஒட்டுவதும், பிட்லாக்கரைவிட அதிகக் கசிவைத் தடுக்கும் என்றே நினைக்கிறேன்.

சட்டம் என்று பார்த்தால், சென்னை, கோவை, திருச்சியில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் கோடிங், பில்லிங் பார்க்கும் கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி, லேப்டாப் முறையாக என்கிரிப்ட் ஆகியிருந்து சாவி வெளியே போகாமல் தொலைந்தால், அது நோயாளிகளுக்கு அறிவிக்க வேண்டிய தகவல் கசிவாகவே கணக்கில் வராது. இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் உள்ள லைஃப்ஸ்பான் மருத்துவமனைக் குழுமம் உதாரணம். 2017இல் ஊழியர் ஒருவரின் மேக்புக் திருடுபோனது, என்கிரிப்ட் செய்யவில்லை, 20,431 பேரின் விவரம். 2020இல் 10,40,000 டாலர் கட்டி முடித்தார்கள். லேப்டாப்களைப் பூட்ட வேண்டும் என்று அவர்களே முன்பு முடிவெடுத்திருந்தார்கள், செயல்படுத்தவில்லை என்பதுதான் குற்றச்சாட்டில் முக்கியமானது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் இதே மாதிரி வழக்கில் 43 லட்சம் டாலர் அபராதத்தை எதிர்த்துப் போராடி 2021இல் ரத்து செய்ய வைத்தது, ஆனால் அதற்கு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் ஊர் இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு அந்தத் தெம்பெல்லாம் கிடையாது.

இங்கே 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, பாதுகாப்புக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலாகும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாக என்கிரிப்ஷனை விதிகளே சொல்கின்றன. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பூட்டிய லேப்டாப் தொலைந்தால் சொல்ல வேண்டியதில்லை என்று அமெரிக்காவில் இருப்பதுபோல நேரடியான விலக்கு நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. கசிவு என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதலே இருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'என்கிரிப்ட் ஆகியிருந்ததா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா' என்பதாகத்தான் இருக்கும். மேலே சொன்ன ஸ்டேட்டஸ் கட்டளையின் முழு வெளியீட்டையும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கோப்பில் போட்டுவையுங்கள். தொலைந்த பிறகு அந்த மெஷினில் கட்டளை அடித்துப் பார்க்க முடியாது.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளும்போதும் பிட்லாக்கர் உதவும், இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. முழு டிரைவும் ஆரம்பத்திலிருந்தே பூட்டியிருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பென் டிரைவில் பூட் செய்து ஃபார்மேட் கொடுத்தாலே போதும், சாவி எழுதியிருந்த இடங்கள் மேலெழுதப்பட்டுவிடும், ரிக்கவரி மென்பொருள் போட்டாலும் ஒன்றும் தேறாது. பூட்டாமலே நான்கு வருஷம் ஓட்டிய மெஷின் என்றால் டிரைவைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கடைக்காரரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி இல்லாததற்கு விலையில் கொஞ்சம் குறைப்பார், குறைத்துக்கொள்ளட்டும்.